உன் மாப்ள கொழா மாத்துறாரு

"ஹலோ... ஹலோ... அண்ணா, நான் கண்ணகி பேசறேன்... வெச்சிடாதண்ணா, வெச்சிடாத. ஒரே ஒரு நிமிஷம்... கேக்குதா?... ஆங், இப்பக் கேக்குது. எங்க, வெள்ளிமலையிலயா வேலை?... சரி, சரி. டவர் கெடைக்கிற எடமா பாத்து நின்னுக்கோ."

சங்கராபுரத்தில் தன் வீட்டு பாத்ரூம் வாசலில், புடவையை முழங்காலுக்குத் தூக்கிச் செருகிக்கொண்டு நின்றாள் கண்ணகி. உள்ளே அவள் புருஷன் தீனதயாளன், சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த பைப்பின் வாயை இரண்டு கையாலும் பொத்திப் பிடித்தபடி, உச்சந்தலையிலிருந்து சொட்டச் சொட்ட நின்றான். கையை எடுத்தால் மாடி டேங்கில் இருக்கிற ஆயிரம் லிட்டரும் கூடத்துக்கு வந்துவிடும். எடுக்காவிட்டால் அவன் உரக்கடையைத் திறக்க முடியாது. காலை எட்டு மணிக்கு ஸ்பேனரோடு உள்ளே போன வீரம், ஒன்பதரைக்கு இந்த லட்சணத்தில் நின்றது.

"இன்னா ஆச்சா? உன் மாப்ள கொழா மாத்துறாரு... ஆமா, அவரேதான். வேற யாரு? போன்ல எவனோ பத்து நிமிஷத்துல மாத்திக் காட்டுறான். அத்தப் பாத்துட்டு எறங்கிட்டாரு... கேட்வால்வா? வால்வு இருந்தா மூடித் தொலைக்க மாட்டமா? அத்தப் போன மாசமே கழட்டி எறிஞ்சிட்டாரு. நடுவுல குந்திக்கினு தண்ணி வேகத்தக் கொறைக்குதாம்... சிரிக்காதண்ணா."

சிரிக்கட்டும் என்றுதான் சொன்னாள். அண்ணன் அரங்கநாதன் பேசி ஒன்றரை மாதம் ஆகிறது. நாளை மறுநாள், ஞாயிற்றுக்கிழமை, மகள் தனுஷாவுக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில் உட்கார வைக்காமல் குத்தினால், பந்தியில் சோறு போடுவதற்குள் ஊர் கேட்டுவிடும், மாமன் எங்கே என்று. இருப்பதோ ஒரே அண்ணன். அவன் கொத்தனார் என்பதால், பைப்பு உடைந்ததில் கண்ணகிக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம்கூட. போன் போட ஒரு சாக்குக் கிடைத்ததே.

"இது மட்டும்னு நெனைக்கிறியா? சமையல்கட்டுல அலமாரி அடிச்சாரு. ரெண்டு நாள் நின்னுச்சு. மூணாவது நாள் கடுகு டப்பாவுல இருந்து ஊறுகா ஜாடி வரிக்கும் என் காலடியில... கதவ இழைச்சாரு. மழையில உப்பியிருந்த கதவ, இழை இழைன்னு இழைச்சி... ஆமா, வாசக் கதவுதான். இப்ப வெயிலுக்குச் சுருங்கிப் போயி, தெரு நாயி தலய வுட்டு இன்னா கொழம்புன்னு பாத்துட்டுப் போவுது... காலிங் பெல்லு மாட்னாரு. ஃபேன் சுச்சப் போட்டா பெல் அடிக்குது. எத்தினி தபா ஓடிப்போயி கதவத் தொறக்கறது நானு... ஆமா... ஆமாண்ணா, ஆமா."

தீனதயாளன் கண்ணை உருட்டினான். போதும் என்று கையைக் காட்டியிருப்பான், கை காலியாக இல்லை. கண்ணகி அவனுக்கு முதுகைத் திருப்பிக்கொண்டு, குரலை மட்டும் ஒரு படி ஏற்றினாள். அண்ணன் மனசு இளக வேண்டுமானால் புருஷன் கொஞ்சம் அடிபடத்தான் வேண்டும். நனைந்தவனுக்கு அதில் புதிதாக என்ன நஷ்டம்.

"ம்... ம்... தெரியும்ணா. நீ ரெண்டு ஆளக் கூட்டிக்கினு, சாந்துச் சட்டியெல்லாம் தூக்கிக்கினு, பாத்ரூமுக்குத் தரை போட்டுத் தர்றேன்னு வந்த. டீயக் குடுத்து, நானே பாத்துக்கறேன் மச்சான்னு வாசலோட அனுப்பிட்டாரு. உன் ஆளுங்க முன்னாடி... தப்புதான். இல்லன்னு நான் சொல்லவேயில்லியே. அந்தத் தரையில இப்ப தண்ணி ஊத்தனா வாசப்படிக்குத்தான் போவுது, ஓட்டைக்குப் போவல... பத்திரிகையா?... அது..."

கண்ணகி நெற்றியில் கை வைத்துக்கொண்டாள். இதற்குத்தான் பயந்துகொண்டிருந்தாள்.

காதுகுத்துப் பத்திரிகையையும் தீனதயாளன் தன் கையாலேயே போனில் செய்தான். மயில், பூ, பிள்ளையார் எல்லாம் போட்டு யாரோ செய்து வைத்திருந்த மாதிரியில், பிள்ளை பெயர், தேதி, சாப்பாட்டு நேரம் என ஒவ்வொன்றாக மாற்றினான். கடைசி வரியை விட்டுவிட்டான். 'தாய்மாமன்: உங்கள் பெயர் இங்கே' என்று அந்த வரி அப்படியே இருக்க, இருநூறு பேருக்கு வாட்ஸப்பில் அனுப்பிவிட்டான். வெற்றிலை பாக்குத் தட்டோடு வீடு தேடிப் போய் அழைக்க வேண்டிய அரங்கநாதனுக்கும் அதுதான் போனது.

"வேணும்னு செய்யலண்ணா. கடைசி வரிக்கு வர்றப்ப கடையில யாரோ யூரியா கேட்டாங்களாம். எடுத்துக் குடுத்துட்டு வந்து அப்படியே அனுப்பிட்டாரு... நெசமாத்தான்... தட்டு வைக்கல, தெரியும். வாசல் மிதிக்கல, அதுவுந் தெரியும்... அண்ணா, நான் ஒன்னு சொல்றேன் கேளு. தரையும் தானே போடுறாரு, கதவும் தானே இழைக்கிறாரு, பத்திரிகையும் தானே அடிக்கிறாரு. தாய்மாமனா மட்டும் தானே ஆவ முடியாதுல்ல? அதுக்கு நீதான வேணும்... ஹலோ... இருக்கிறியா?"

இருந்தான். இருந்ததோடு இல்லாமல் பேசவும் ஆரம்பித்தான். கண்ணகி முதலில் உம் கொட்டினாள்.

"ம்... ஆமா, அவரு கை அப்படி... ஆமா, வாயி கொஞ்சம் ஜாஸ்திதான்... ம்... இன்னா சொன்ன?... இல்ல, இப்ப இன்னா சொன்னன்னு கேட்டேன்... அந்த வார்த்த வாணாம்ணா."

குரல் மாறியது. பாத்ரூமுக்குள் தீனதயாளனும் தலையை நிமிர்த்தினான்.

"தோ பாரு. நான் பொண்டாட்டி, நூறு சொல்வேன். நீ சொல்லக் கூடாது... ஏன்னா? இந்தக் கொழாவ ஏன் மாத்தறாருன்னு தெரியுமா ஒனக்கு? எனக்கு இடுப்பு புடிச்சிக்கினு ஒரு மாசமாவுது. குனிஞ்சி ஒரு பக்கெட்டுத் தண்ணி புடிக்க முடியல. அதுக்குத்தான் கொழாவ மேல ஏத்தி, பக்கெட்டு வைக்க ஒரு மேடையும் கட்டறேன்னு எறங்குனாரு. செய்யத் தெரியல, அது வேற. செய்யணும்னு தோணிச்சில்ல? கூடப் பொறந்தவ எப்படி இருக்குறான்னு ஒன்றர மாசமா ஒரு போன் போடத் தோணல ஒனக்கு. நீ அவரச் சொல்ல வந்துட்ட... பேசாத. நான் பேசிக்கிறேன். வர்றதுன்னா வா. வராட்டி எம் புள்ளய எம் மடியில வெச்சே குத்திக்கிறேன். மாமன் எங்கன்னு கேட்டா, கோவிச்சிக்கினு மல மேல குந்தியிருக்குதுன்னு சொல்லிக்கிறேன்."

சொல்லி முடித்த பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள். இவ்வளவு நேரம் புருஷனை அடித்துத் துவைத்துச் சேர்த்த அண்ணனை, அரை நிமிஷத்தில் அவளே உதறிவிட்டாள். தீனதயாளன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். பார்த்ததில் கை நழுவி, தண்ணீர் பீறிட்டு எதிர்ச்சுவரில் அடித்தது. பதறிப்போய் மறுபடி பொத்தினான்.

"ஹலோ... அண்ணா... ஹலோ... அழல. யாரு அழுதா?... இன்னாது?... பைப்பா?... எத்தினி இஞ்சியா?"

கண்ணகி திரும்பிப் புருஷனைப் பார்த்தாள். அவன் உதட்டை அசைத்தான்.

"முக்கா இஞ்சியாம்ணா... ஆமா, முக்கா இஞ்சி... ம்... வால்வு ஒன்னு, எல்போ ரெண்டு... நீயே வாங்கிக்கினு வந்துடுறியா?... சரிண்ணா... சரி... தட்டெல்லாம் ரெடியா இருக்கும், அவரு கையாலயே வைப்பாரு... இடுப்பா? இருக்குது, எண்ண தேச்சிக்கினு இருக்கறேன்... எறங்கி வர எவ்ளோ நேரமாவும்?... ரெண்டு மணி நேரமா? ஒன்னும் அவசரம் இல்லண்ணா, வளைவுல பாத்து ஓட்டு... இன்னா?... குச்சியில துணியச் சுத்தி, பைப்பு வாயில வெச்சி அடிக்கணுமா?... அடிச்சா நின்னுடுமா?... நீ வர்ற வரிக்கும் தாங்குமா?... அட, அவ்ளோதானா... சரி, சொல்லிடறேன்... சொல்றேண்ணா, தோ இப்பவே சொல்றேன். வெச்சிடறேன்."

வைத்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, செருகின புடவையை இறக்கிவிட்டுக்கொண்டாள். பைப்பைப் பிடித்தபடி தீனதயாளன், மச்சான் என்ன சொன்னார் என்று புருவத்தைத் தூக்கிக் கேட்டான்.

"ரெண்டு மணி நேரமாவுமாம். கெட்டியாப் புடிச்சிக்கினு இருங்க" என்று சொல்லிவிட்டு, கண்ணகி வெற்றிலை பாக்கு வாங்கக் கடைத்தெருவுக்குக் கிளம்பினாள்.