ஆறாம் பகுதியில் ஒரு வரி

எதையும் எழுதி வைத்துக்கொண்டு செய்வது என் பழக்கம், ஐயா. கடைக்குப் போகும் துண்டில்கூட உப்பை விட்டதில்லை. அதனால்தான் நானும் ஜெயரூபனும் எங்கள் முதல் வீடியோ கேமைத் தொடங்கியபோது, அதன் வடிவமைப்பு ஆவணத்தை எழுதும் வேலை என்னிடம் வந்தது. அதைக் கணினியில் ஓடவைப்பது அவன் வேலை.

மட்டக்களப்பு வாவியில் ஒருவன் தோணி வலித்து மீன் பிடிக்க வேண்டும், அதுதான் விளையாட்டு. நான் கல்லடியில் தோணியோடு வளர்ந்தவன். அவன் கரடியனாற்று வயல்காரன், நீந்தவும் தெரியாது. ஆகவே ஒரு விதி வைத்தோம்: ஆவணத்தில் உள்ளதைக் கையால் செய்து பார்த்த பிறகே கணினியில் ஏற்றுவது. கூடாது என்று நான் எழுதியதை அவன் ஒருநாளும் மீறியதில்லை. பாவம், நல்ல பிள்ளை.

மார்கழியில் ஆவணத்தின் முதல் பக்கத்திலிருந்து என் பெயர் காணாமல் போனது. அவன் பெயரும் தொலைபேசி எண்ணும் மட்டும் நின்றன. நான் போனால் லப்டொப்பை மூடினான். கொழும்பில் யாருடனோ மெல்லக் கதைத்தான். நான் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டு, அவனைப் பொய் சொல்ல வைத்த பாவம் எனக்கெதற்கு?

அடைமழையில் வயல் வட்டைகள் மூழ்கின. முகத்துவாரத்து மணல்மேட்டை வெட்டி வாவியைக் கடலுக்குத் திறந்துவிட்டார்கள். வாய் வெட்டுவது என்றால் வயல்காரனுக்கு வெள்ளம் வடியும் நல்ல செய்தி. எங்களுக்கோ தோணியைக் கரையில் இழுத்துக் கட்டும் நாள். அந்த இழுவையில் அகப்பட்டால் கடலில்தான் போய் நிற்கும்.

மறுநாள் காலை சிரித்துக்கொண்டே வந்தான்.

“மச்சான், வாய் வெட்டிட்டாங்களாம். தோணி என்ன வேகத்தில ஓடுதெண்டு பார்க்க நல்ல நாள். போகலாமாடா?”

“டொக்குமென்ட்ல என்ன கிடக்கு?” என்றேன்.

போனில் ஆறாம் பகுதியைத் திறந்து பார்த்தான். “போகக்கூடாதெண்டு ஒண்டும் இல்லையே.”

“மறுகா என்ன? போயிட்டு வா.”

என் தோணியைத்தான் கொடுத்தேன். துடுப்பையும் துடைத்துக் கொடுத்தேன். அவனை நான் தள்ளவில்லை, பொய்யும் சொல்லவில்லை. ‘வாய் வெட்டியிருந்தால் முகத்துவாரப் பக்கம் தோணி போகக்கூடாது’ என்று ஆறாம் பகுதியில் ஒரு வரி இருந்தது. அன்று காலை ஐந்தரைக்கு அதை அழித்தவன் நான்தான். ஆவணத்தின் மாற்றப் பதிவில் நேரத்தோடு இருக்கும்.

நேற்று பொலிஸில் நீங்கள் அவன் லப்டொப்பைத் திறந்து காட்டிய கடைசிப் பக்கத்தை நான் முன்பு பார்த்ததில்லை. விளையாட்டு முடிந்ததும் திரையில் வரும் பெயர்களை அங்கே எழுதியிருக்கிறான். ‘எல்லாம் எழுதியவன்: டினேஷ்’ என்று என் பெயர் முதலில், பெரிதாக. தன் பெயரை அடியில் போட்டிருக்கிறான். என் பிறந்தநாளுக்குக் காட்ட ஒளித்து வைத்திருந்தானாம். கொழும்பில் கதைத்தது அந்த எழுத்தை வடிவாக வரைந்து தருபவரோடாம். அவர் என்னை அழைத்து விஷயத்தை உடைத்துவிடாமலிருக்கத்தான் முதல் பக்கத்தில் தன் பெயரையும் எண்ணையும் மட்டும் விட்டானாம். அவன் அக்கா ஆர்த்திகா அழுதழுது சொன்னாள்.

ஒரு வார்த்தை முன்னமே சொல்லியிருக்கலாம். ஒளித்தால் யாருக்குத்தான் சந்தேகம் வராது? அந்த ஒளிப்புத்தான் அவனைக் கொன்றது, ஐயா. அழித்த வரியை அன்று மத்தியானமே நான் திரும்பச் சேர்த்துவிட்டேன். ஆவணத்தில் பிழை இருந்தால் எனக்குப் பிடிக்காது.