பொன்மலர் கட்டிக்கினு போன சோறு

அய்யோ, நீங்க எதுக்கு சார் மன்னிப்பு அது இதுன்னு? குந்துங்க. பொன்மலர் பக்கத்துல சகீனா வூட்டுக்குப் போயிருக்கா, வந்துடுவா. வேலூர்லேர்ந்து பஸ் புடிச்சி, காலேஜ் புரொபசரு நீங்க, எங்க காலனிக்கு என் பொண்ணத் தேடிக்கினு வந்திருக்கீங்க. உங்க மேல போயி கோவப்படுவனா?

ஆமா சார், நான் தோல் கம்பெனி தான். சுண்ணாம்புத் தொட்டியில ஊறுன தோல வாரிப் போடற வேல. அவ இத காலேஜ்ல சொன்னதில்ல. அம்மா ஆஸ்பத்திரி வேலன்னு சொல்லி வெச்சிருந்தா. எனக்குத் தெரியும், கண்டுக்கல. நிம்மதியா படிக்கட்டும்னு உட்டுட்டேன்.

இல்ல சார், நீங்க செஞ்சது நல்லது தான். உங்க டிபார்ட்மெண்ட்ல எங்க சாதிப் புள்ளைங்களுக்குத் தனி டம்ளரு இருந்துச்சாமே. நீங்க வந்து தானே தூக்கிப் போட்டீங்க? அன்னிக்கு வந்து சொல்லிச் சொல்லிச் சிரிச்சா. அவ பொது டம்ளர்ல தான் குடிப்பா, யாருன்னு யாருக்கும் தெரியாதே. ஆனா பயந்துக்கினே குடிச்சிருக்கா, பாவம்.

அப்பறம் எல்லாரும் சோறு கொண்டாங்க, ஒண்ணா குந்தி சாப்பிடலாம்னு சொன்னீங்க. கறி வேணாம்மா, எல்லாரும் சாப்பிடறா மாதிரி செய்யின்னா. அன்னிக்கு வேலைக்குப் போவல நான். கையில நாத்தம் போவணும்னு புளி போட்டுத் தேச்சி, எலுமிச்ச சோறும் உருளக்கெழங்கு வறுவலும் ஆக்கிக் குடுத்தேன்.

ஸ்காலர்ஷிப் பாரத்துல பாத்துட்டு நீங்க நல்ல மனசுல தான் சார் சொன்னீங்க. இவங்கம்மா தோல் கம்பெனித் தொழிலாளி, சேரிலேர்ந்து வந்து படிக்குது இந்தப் பொண்ணு, இவங்க வூட்டு சோத்தத் தான் நாம மொதல்ல சாப்பிடணும்னு. அவள எழுந்து நிக்க வேற சொன்னீங்க.

யாரும் ஒரு வார்த்த தப்பா பேசலயாம். ஒருத்திக்கு விரதமாம். ஒருத்தனுக்கு வயித்து வலி. கூட பாடம் எடுக்கற வாத்தியாருங்களும் இப்ப தான் சாப்ட்டோம்னுட்டாங்களாம். திட்டியிருந்தாலாவது திருப்பித் திட்டலாம். இதுக்கு யாரப் போயி இன்னான்னு கேக்கறது?

நீங்க சாப்ட்டீங்க, தெரியும். ரெண்டு தடவ கேட்டு வாங்கிச் சாப்ட்டாரும்மான்னா. அவ வந்ததும் சோத்துக் குண்டானத் தொறந்து பாத்தேன். ஒரு ஓரமா கொஞ்சம் எடுத்திருந்துச்சு, மீதி அப்படியே இருந்துச்சு. பஸ்ஸுல மடியில வெச்சிக்கினே வந்திருக்கா.

அதுக்கப்பறமும் போனா சார். நீங்க அந்தப் புள்ளைங்கள வரிசையா நிக்க வெச்சி அவகிட்ட மன்னிப்பு கேக்க வெச்சீங்களே, அன்னிக்கு வந்து பொஸ்தகத்த மேல ஏத்தி வெச்சவ தான், அப்பறம் காலேஜ் பக்கமே போவல.

சொல்லாம இருப்பனா? போடி, பரீச்ச வருதுன்னு தெனம் சொல்றேன். அழுவறதில்ல, சண்ட போடறதில்ல. ம்னு ஒரு சத்தம், அவ்ளோ தான். நீங்க சொன்னா கேப்பாளோ இன்னாவோ.

சகீனா வூட்லயா? சாப்பிடப் போயிருக்கா சார். நான் ஆக்கறத அவ இப்பல்லாம் தொடறதில்ல.

வந்துட்டா பாருங்க. அத மட்டும் அவகிட்ட கேட்டுடாதீங்க.