இரண்டு மரியஜோசப்கள்

ஈப்போவுக்கு மாற்றலாகி வந்த எல்லாச் சாமியார்களும் என் கையெழுத்தைப் பாராட்டியிருக்கிறார்கள். இந்தக் கோயில் பதிவேடுகளை இருபத்தாறு வருடமாக நான்தான் எழுதுகிறேன். நீங்கள் கேட்பதால் 1978இல் நடந்த கல்யாணத்தைப் பற்றிச் சொல்கிறேன், சாமி.

மாப்பிள்ளை என் அக்கா இருதயமேரியின் மகன் கஸ்பார். பெண் சித்தியவான் ஊர்க்காரி ஐவி. இருவரின் தகப்பன் பெயரும் மரியஜோசப். "சொந்தமான்னு பாத்துச் சொல்லுங்க, அப்புறம் கோயில்ல கல்யாண ஓலை வாசிக்கலாம்" என்றார் அப்போதிருந்த சாமியார். நம் ஆட்கள் மூத்த பேரனுக்குப் பாட்டன் பெயரை வைப்பவர்கள். ரப்பர் தோட்டத்துக்கு நாலு மரியஜோசப் இருப்பார்கள். பிரித்தெடுப்பது என் வேலை.

பஸ் பிடித்துச் சித்தியவான் கோயிலுக்குப் போனேன். அங்கிருந்த பழைய கல்யாணப் பதிவேட்டில் ஐவியின் தகப்பன் வைத்த கைநாட்டு இருந்தது. ரேகைக்குக் குறுக்கே பால்வெட்டும் கத்தி கிழித்த தழும்பு. அக்கா கல்யாணத்தில் எங்கள் பதிவேட்டில் விழுந்ததும் அதே தழும்புதான். மச்சானுக்கு ரப்பர் பால் ஏற்றும் லாரியில் வேலை. வாரத்தில் மூன்று நாள் வெளியே தங்குவார். அங்கே 1962இல் வராமலே போனவர், இங்கே 1962இல் நாங்கள் அடக்கம் செய்தவர்.

முதல் தாலி அங்கேதான். தெரிந்தால் அக்கா வைப்பாட்டி ஆகிவிடுவாள். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை. "வேறு வேறு ஆட்கள், உறவில்லை" என்று எழுதிக் கொடுத்தேன். மூன்று ஞாயிறும் ஓலையை நானே வாசித்தேன். தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்ற வரியையும் வாசித்தேன். யாரும் சொல்லவில்லை.

ஆண் குழந்தை பிறந்தது. ஞானஸ்நானத்தன்று ஐவி சிரித்துக்கொண்டே, "ரெண்டு தாத்தாவுக்கும் ஒரே பேரு லா, மாமா. சண்டையே வரல" என்றாள். மரியஜோசப் என்று எழுதினேன். மை கொட்டவில்லை.

இப்போது அவனுக்கு மூன்று வயது. இன்னும் தலை நிற்கவில்லை. சொந்தத்தில் கட்டினீர்களா என்று டாக்டர் கேட்டபோது நானும் பக்கத்தில்தான் இருந்தேன். "இல்ல டாக்டர், எங்க மாமா நல்லாத் தேடிப் பாத்துத்தான் கட்டி வெச்சாரு" என்றான் கஸ்பார். எனக்கு வெட்கமும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. டாக்டருக்குத் தலையாட்டினேன்.

ஐவி மறுபடி உண்டாகியிருக்கிறாள். அக்கா கோயிலில் முன் பெஞ்சில் உட்காருகிறாள்.

நான் யாருக்கும் கெடுதல் செய்யவில்லை, சாமி. ஒரு ஆளை இரண்டு ஆளாக எழுதினேன், அவ்வளவுதான்.