நாற்பது சீக்காளிகளும் ஒரு டிரைவரும்

சோத்வா: அண்ணே, கொஞ்சம் நடப்போமா? முட்டி பிடிச்சுக்கிச்சு.

லிண்டானி: மறுபடியுமா? இப்பத்தானே அந்தப் பாலத்துக்கிட்ட நடந்தோம்.

சோத்வா: என்ன பண்றது... வலிக்குதே.

லிண்டானி: சரி சரி. ஏ, பின்னால, நடங்கப்பா. கொடி சாஞ்சா நடக்கணும், நிமிர்ந்தா ஓடணும். யாரும் முந்தக் கூடாது, யாரையும் விட்டுட்டும் போகக் கூடாது.

முசா: ரொம்ப நல்லதாப் போச்சு டிரைவரே. எனக்கும் விலாவுல என்னமோ பண்ணுச்சு.

லிண்டானி: ஒன்பது தடவை இந்த மாரத்தான்ல பஸ் ஓட்டியிருக்கேன். இப்படி ஒரு கூட்டம் எனக்கு வாய்ச்சதே இல்ல. ஒருத்தனுக்கு வயிறு, ஒருத்திக்கு முதுகு, அந்தத் தபால்காரருக்கு ஷூ கடிக்குதாம். தினம் பத்து மைல் நடக்கிற மனுஷன்.

முசா: அங்க ஒரு வெளிநாட்டுக்காரன் கேமராவோட நின்னான். இதென்ன ஊர்வலமான்னு கேட்டான். பஸ்ஸுன்னேன். சக்கரம் எங்கேன்னான். முன்னால கொடி பிடிச்சு ஓடுறாரே அவர்தான் டிரைவர், நாங்க நாப்பது பேரும் பயணிங்க, அஞ்சரை மணி நேரம் ஆனதும் துப்பாக்கி வெடிப்பாங்க, அதுக்குள்ள எங்களை மைதானத்துல கொண்டுபோய் இறக்கிடுவார்னேன்.

லிண்டானி: இறக்கினாத்தானே. முப்பதாவது கிலோமீட்டர் பலகை வந்தாச்சு. மணி போய்க்கிட்டே இருக்கு.

முசா: இறக்கலேன்னா கொடி நம்ம ஓட்டச் சங்கத்துல பேக்கின்னு ஒருத்தன் இருக்கானே, அவன் கைக்குப் போயிருமாமே. சங்கத்துல பேசிக்கிட்டாங்க...

லிண்டானி: பேசிக்கல. என் மூஞ்சிக்கு நேராவே சொன்னாங்க. லிண்டானி, வேன் மோதி தொடையில கம்பி வச்சிருக்கு, அது ஆறுறதுக்குள்ள டிபி வந்து படுத்தே, இந்த ஒரு தடவை கொடியைத் தர்றோம், நேரம் தப்பினா அடுத்த வருஷம் ஓரமா நின்னு தண்ணி பாக்கெட்டு கொடுன்னாங்க.

சோத்வா: தண்ணி கொடுக்கிறதும் நல்ல வேலைதானே அண்ணே.

லிண்டானி: நல்ல வேலைதான். நீ போய்ப் பண்ணு.

சோத்வா: கோவிச்சுக்காதீங்க...

லிண்டானி: பின்ன என்ன சோத்வா. நீ நர்ஸு. ஆறு மாசம் உன் ஆஸ்பத்திரி பெஞ்சுல உக்காந்து, நீ பார்க்கப் பார்க்க மாத்திரை முழுங்கினவன் நான். எதுக்கு முழுங்கினேன்? இந்தக் கொடிக்குத்தான். இது போச்சுன்னா நான் வெறும் சீக்காளி. அவ்வளவுதான். ஹூம்...

சோத்வா: மூச்சு வாங்குதா?

லிண்டானி: இல்ல. பெருமூச்சு.

சோத்வா: ரெண்டுக்கும் வித்தியாசம் எனக்குத் தெரியும்ணே.

லிண்டானி: தெரிஞ்சா கேட்டிருக்க மாட்டே. அந்த மேஜையில உப்புப் போட்ட உருளைக்கிழங்கு வச்சிருக்காங்க. ரெண்டு எடுத்துட்டு வர்றேன். நீ முட்டியை நீவிக்கிட்டே வா.

முசா: ...போயிட்டார். சோத்வா, என்னால இதுக்கு மேல நொண்ட முடியல. நொண்டி நொண்டி இப்ப நிஜமாவே வலிக்குது.

சோத்வா: வாயை மூடு. உனக்கு விலான்னுதானே சொல்லியனுப்பினேன். கால் யார் கேட்டா?

முசா: விலாவுக்கு எப்படி நடிக்கிறதுன்னு தெரியல. நீ மட்டும் என்ன, காலையில இடது கால் நொண்டினே, இப்ப வலது கால்.

சோத்வா: நாப்பது பேருக்கும் ஆளுக்கொரு நோய் யோசிச்சுப் பிரிச்சுக் கொடுத்தேன். எனக்குன்னு யோசிக்க நேரமில்ல.

முசா: இருந்தாலும் இது ரொம்ப மெதுவா இருக்கு. நீ நாலு மணி நேரத்துல முடிக்கிறவ. நானும்தான்.

சோத்வா: அவர் நெஞ்சுப் படத்தை நான் பார்த்திருக்கேன். நீ பார்த்தியா? என்னால முடியலன்னு அந்த வாயால ஒரு நாளும் சொல்ல மாட்டார். நாமதான் முடியலன்னு சொல்லணும். நான் முதல் தடவை ஓடினப்ப, கடைசி மேட்டுல உக்காந்து அழுதேனே, அப்ப, கையைப் பிடிச்சு இழுத்துட்டுப் போனவர் அவர். உனக்கும் ஒரு வருஷம் அப்படித்தானே.

முசா: எனக்கு ரெண்டு வருஷம். ...சரி, வர்றார். நொண்டு.

லிண்டானி: இந்தா, தின்னுங்க. என்ன ரகசியம்?

முசா: விலா வலியைப் பத்திதான்.

லிண்டானி: விலான்னா காலை எதுக்கு இழுக்கிறே?

முசா: அது... கீழ இறங்கிருச்சு.

லிண்டானி: கீழ இறங்கிருச்சா. நல்லது. கொடி நிமிருது, வாங்க. மேடு வருது, பாட்டைப் பிடிங்க.

சோத்வா: பாடினா உங்களுக்கு...

லிண்டானி: எனக்கு ஒண்ணுமில்ல. பாடுங்க.

முசா: ...பாடியாச்சு. மேடும் தாண்டியாச்சு.

லிண்டானி: இத்தனை சீக்காளிங்க இவ்வளவு கணீர்னு பாடி நான் கேட்டதில்ல.

சோத்வா: வலியை மறக்கத்தான் அண்ணே. அம்மா... மறுபடியும் பிடிக்குது. கொஞ்சம் நடப்போம்.

லிண்டானி: முப்பத்தாறு இது. இன்னும் ஆறு இருக்கு. ...சரி, நட. நேரம் தப்பினவங்களை அள்ளிட்டுப் போற வண்டி பின்னால வந்துக்கிட்டிருக்கு, அதையும் பார்த்துக்கோ.

முசா: டிரைவரே, நாப்பதாவது பலகை.

லிண்டானி: பார்த்தேன். பதினாறு நிமிஷம் இருக்கு. இனிமே நடையே கிடையாது. யாருக்கு என்ன வலின்னாலும் மைதானத்துல போய் அழுதுக்கலாம். எல்லாரும் காதுல வாங்கிக்கிட்டீங்களா? ...ஸ்ஸ்.

சோத்வா: என்னாச்சு? எதுக்கு நெஞ்சைப் பிடிக்கிறீங்க?

லிண்டானி: ஒண்ணுமில்ல. ஓடு.

சோத்வா: முகம் ஒரு மாதிரி இருக்கே...

லிண்டானி: ஒண்ணுமில்லன்னேன்ல.

சோத்வா: ஐயோ... அம்மா...

முசா: சோத்வா விழுந்துட்டா. டிரைவரே, நில்லுங்க.

லிண்டானி: எங்க, எங்க பிடிச்சிருக்கு? கெண்டைக்காலா? காலை நீட்டு. முசா, பாதத்தை மேல தள்ளு.

சோத்வா: நீங்க உக்காருங்க அண்ணே. முதல்ல நீங்க மூச்சு விடுங்க.

லிண்டானி: நான் எதுக்கு மூச்சு விடணும்? விழுந்தது நீ.

முசா: மணி ஆகுதே சோத்வா. எந்திரிக்க முடியுமா?

சோத்வா: இன்னும் ஒரு நிமிஷம்... ஒரே நிமிஷம்.

லிண்டானி: நாலு நிமிஷம் போச்சு. முசா, நீ இவங்களைக் கூட்டிட்டுப் போ. கொடியைப் பிடி. நான் இவளைத் தாங்கிட்டு வர்றேன்.

முசா: கொடியை நான் தொட மாட்டேன். பஸ்ஸு போனா மொத்தமாத்தான் போகும்.

லிண்டானி: அப்ப இந்தப் பக்கம் தோளைக் கொடு. தூக்கு. ஓடுங்கப்பா, ஓடுங்க.

சோத்வா: இறக்கி விடுங்க. நான் ஓடுறேன். நிஜமா ஓடுறேன். விடுங்கண்ணே.

முசா: அந்தா வாசல் தெரியுது. இன்னும் ஒரு முந்நூறு மீட்டர்...

லிண்டானி: பேசாதே. ஓடு.

சோத்வா: அது என்ன சத்தம்?

முசா: துப்பாக்கி வெடிச்சுட்டாங்க. வாசல்ல கயிறு கட்டி மூடிட்டாங்க. டிரைவரே...

லிண்டானி: பரவாயில்ல. நில்லுங்க எல்லாரும். யாரும் விழுந்துடலியே? எண்ணிப் பாரு முசா.

முசா: நாப்பது பேரும் இருக்கோம்.

சோத்வா: அண்ணே, என்னை அடிச்சாலும் வாங்கிக்கிறேன். எனக்கு முட்டி வலியே இல்ல.

லிண்டானி: இப்ப சரியாப் போச்சா?

சோத்வா: எப்பவும் இல்ல. பின்னால நிக்கிறவங்க ஒருத்தருக்கும் ஒண்ணுமில்ல. எல்லாம் நான் சொல்லிக் கொடுத்தது. நீங்க வெட்கப்படாம நடக்கணும்னு நாங்க நொண்டினோம். இப்ப நெஞ்சைப் பிடிச்சீங்களா, எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல, உங்களை நிறுத்தணும்னு வேணும்னே விழுந்தேன்.

லிண்டானி: சட்டையில குத்தின நம்பரு ஊக்கு சதையில ஏறிருச்சு. அதைத்தான் பிடிச்சேன்.

முசா: ஊக்கா?

சோத்வா: அப்ப... அந்த மூச்சு?

லிண்டானி: பெருமூச்சுன்னு சொன்னேனே, பாவி. எட்டு மாசம் விடியறதுக்கு முன்னாடி கரும்புக்காட்டு ரோட்டுல ஒருத்தருக்கும் தெரியாம ஓடிப் பழகினேன். இன்னைக்கு நாலே முக்கால் மணி நேரத்துல வந்து நின்னிருப்பேன். காலையிலேர்ந்து பல்லைக் கடிச்சுக்கிட்டு மெதுவா வந்தேன், நாப்பது நோயாளிங்க, நாம வேகமா ஓடினா இதுங்க மனசு ஒடிஞ்சு போயிருமேன்னு.