காய்ந்த கிண்ணம்

பாட்டிலைப் படம் எடுக்க மதியம் மூணு மணி வெயில்தான் சரி, சார். ஜன்னலில் வெள்ளைத் துணியைக் கட்டிவிட்டால் ரம் தேன் மாதிரி தெரியும்.

எல்லாம் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில்தான். சின்ன ஆலைகள் கொஞ்சமாகக் காய்ச்சுகிற ஜின், ரம் எனக்கு வரும். படம் எடுத்து, ருசித்து, நாலு வரி எழுதி இன்ஸ்டாகிராமில் போடுவேன். நாற்பதாயிரம் பேர் படித்தார்கள். வேலை போன பிறகு என்னை ஒரு மனுஷனாக மதித்தது அவர்கள்தான். அப்புறம் ஒரு காய்ச்சல். மூக்கும் நாக்கும் செத்துப்போச்சு. பெட்ரோலை மோந்தாலும் தண்ணீர்தான். பைத்தியம் பிடிக்காத குறை. யாரிடமும் சொல்லவில்லை.

தங்கச்சி வீட்டுக்காரர் தேயிலை ருசி பார்க்கிறவர். அப்படி ஒரு நாக்கு. குடியால் ஈரல் கெட்டு, பதினாலு மாசமாகத் தொடாமல் இருந்தார். இனிமேல் குடித்தால் ஆள் தேறமாட்டார் என்று டாக்டர் சொல்லியிருந்தார். வேலைக்குப் போகும்போது தங்கச்சி அவரை என் வீட்டில் விடுவாள்.

"அண்ணே, உன்னை நம்பித்தான் விட்டுட்டுப் போறேன்."

பாட்டிலெல்லாம் இனிமேல் படத்துக்குத்தான், மூடியையே திறக்க மாட்டேன் என்று சத்தியம் பண்ணினேன்.

எனக்குப் பதிலாக ருசி பார்த்துச் சொல்லுங்கள் என்று மாப்பிள்ளையிடம் நான் கேட்டது நியாயம்தான். தேயிலைக்காரர்கள் ஒரு நாளைக்கு இருநூறு கோப்பை உறிஞ்சுவார்கள். ஒன்றையும் விழுங்காமல் துப்பிவிடுவார்கள். அதே வேலைதானே? வேண்டாம் மச்சான் என்று கையெடுத்துக் கும்பிட்டார். என் பிழைப்பே போய்விடும் என்று அழுதேன். நடிப்பில்லை, நிஜமாகவே அழுதேன். துப்புவதற்கு வெள்ளைக் கிண்ணம் வைத்தேன். ஆரஞ்சுத் தோல், புகை, கடைசியில் கொஞ்சம் மிளகு என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். எழுதிக்கொள்வேன்.

மூணு மாசமும் கிண்ணம் காய்ந்தே இருந்தது. படங்களில் ஓரத்தில் தெரியும். அழகு கெடுகிறது என்று நான்தான் வெட்டிவிடுவேன். வெட்டாத படங்கள் இந்த போனில் இருக்கின்றன, பாருங்கள். அவர் கண் மஞ்சளானதும் பார்த்தேன். தங்கச்சி கேட்டபோது தூக்கம் போதவில்லை என்றேன்.

வியாழக்கிழமை அந்தக் கிண்ணத்தில்தான் ரத்தமாக வாந்தி எடுத்தார். ஆம்புலன்ஸைக் கூப்பிடுவதற்கு முன்னால், இந்த ரம் என்ன ருசி மாப்பிள்ளை என்று கேட்டேன். ரெண்டு தடவை கேட்டேன். அதை மறைக்கவில்லை.

தங்கச்சி ஸ்டேஷனுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள். என் முகத்தைப் பார்க்க மாட்டாளாம். நீங்களாவது சொல்லுங்கள் சார். நான் துப்பத்தான் சொன்னேன்.