பதினாறு பேரும் ஒரு கோவேறு கழுதையும்

...துளிக்கூட மூளை இல்ல சார் அந்தப் பெட்டிக்கு! உக்காருங்க, ஏன் நிக்கறீங்க? எதுவரைக்கும்? மறைமலை நகரா? அப்பாடா! வண்டி இப்பத்தானே தாம்பரத்தை விட்டுக் கிளம்புது, சாவகாசமாப் பேசலாம்.

பெட்டின்னா, பேசற பெட்டி சார். யுத்தத்துல சிப்பாய் வாயால சொன்னாப் போதும். அது கேள்வி கேட்டு, விவரம் வாங்கி, வேணுங்கறதை அனுப்பி வைக்கும். ராணுவத்துக்குக் குடுக்கறதுக்கு முன்னாடி சோதிக்கணுமே? பேச ஆள் வேணும்னு என்னைக் கூப்பிட்டாங்க. நான் யாரு? லாசரஸ்! பட்டாளத்துல முப்பது வருஷம் வயர்லெஸ் செட்டோட குடும்பம் நடத்தினவன்! என் சம்சாரம் புஷ்பம்கூட, ‘போய்ட்டு வாங்க, அதுக்காவது காது வலிக்காது’ன்னா.

ஒரு மைதானத்துல நிறுத்தி, கைல ஒரு அட்டை குடுத்தாங்க. ‘காயம் ரெண்டு பேர். ஸ்ட்ரெச்சர் தேவை.’ அதைச் சொல்லணும், அவ்ளோதான். பக்கத்துல ஜெனரேட்டர் அலறுது. அந்தச் சத்தத்துலயும் பெட்டி எவ்ளோ மரியாதையாக் கேக்குது, ‘எத்தனை பேர்?’னு... ரெண்டுன்னு சொல்ல நாக்கு கூசிச்சு சார். பதினாறுன்னுட்டேன். கூடவே ஒரு கோவேறு கழுதை. அது லேசுப்பட்ட கழுதையா? பனிமலையில என்னை முதுகுல சுமந்துகிட்டு... சரி, அது இருக்கட்டும்.

கதைன்னு தெரிய வேணாமா அந்த மடப்பெட்டிக்கு? உச்சி வெயில்ல பதினேழு ஸ்ட்ரெச்சரை மைதானத்துக்கு அனுப்பிடுச்சு! தூக்கிட்டு வந்தவங்க என்னைப் பாத்த பார்வை இருக்கே!

என்ன? பெட்டி திருப்பிக் கேக்கலையாவா? ...கேட்டுச்சு. மூணு வாட்டி. ‘பதினாறு பேர், ஒரு கழுதை, சரிதானே?’ன்னு. நானும் மூணு வாட்டி சரின்னேன். நாப்பது வருஷத்துல புஷ்பம் ஒரு வாட்டிகூட என்னை நம்பினதில்ல சார்!

சோதனையில பெட்டிக்கு நூத்துக்கு நூறு மார்க். நான் மட்டும் திங்கக்கிழமைக்குள்ள மூணே வரியில விளக்கம் எழுதித் தரணுமாம். அதுலயும் கதை கலந்தா, சோதனைக்கு வேற ஆள். அப்புறம் என்னை யாரு சார் கேள்வி கேப்பா?

நீங்களே கேட்டுச் சொல்லுங்க. மொத வரி: ‘அன்று காயம்பட்டவர் இரண்டு பேர்.’ எப்படி? ரெண்டாவது வரி: ‘ஆனால் மேற்கே திடீரென்று புழுதி கிளம்பியது. உற்றுப் பார்த்தால், இருபத்துநாலு பேர்! அவர்களுக்கு முன்னால், நொண்டிக்கொண்டே ஒரு...’

சார்! சார்! இது பெருங்களத்தூர் சார்! மறைமலை நகர்னு சொன்னீங்களே? ...அட, இறங்கிட்டாரே!

பெரிய மனுஷன்கிட்டயா சார் பொய் சொல்றது?