கடலை ஆடு, புளியங்கொட்டைப் புலி

— சொர்ணம், ஒங்கண்ணன் மோர் குடிக்கிறாரான்னு கேளு.

— வேணாம்னு ஒன் வீட்டுக்காரர்கிட்டச் சொல்லும்மா. அறந்தாங்கியில பஸ் மாறும்போதே சோடா குடிச்சுட்டேன்.

— ஒரே பாய்ல உக்காந்துக்கிட்டு என் வாயை ஏன் தபாலாபீசாக்குறீங்க ரெண்டு பேரும்? அண்ணே, இந்தாங்க மோர். ஏங்க, நீங்க செத்த சும்மா இருங்க.

— சும்மாத்தான் இருக்கேன். நாளைக்கு நம்ம அமராவதிக்குக் காது குத்து. தாய்மாமன் மடியில வச்சுத்தான் குத்தணும். வந்த தாய்மாமன் எங்கூட ஒரு வார்த்தை பேசமாட்டேங்கிறாரு. இது என்ன நியாயம்னு கேளு ஒங்கண்ணன் ஆத்மநாதன்கிட்ட.

— நியாயத்தைப் பத்தி அவரு பேச வேணாம்னு சொல்லும்மா. மூணு வருசத்துக்கு முன்னால, இந்தப் புள்ளையத் தொட்டில்ல போட்ட அன்னைக்கு, இதே கூடத்துல ஆடுபுலி ஆட்டம் ஆடினோம். நான் தோத்துட்டேன்னு ஊரு முன்னால சொன்னாரு. இன்னும் ஆலங்குடிச் சந்தைக்குள்ள நான் நுழைஞ்சா, கடலை மண்டி சிவசாமிகிட்டத் தோத்தவருங்கிறான். நான் தோக்கல. அத அவரு வாயால சொல்லட்டும், நாளைக்கு மடியக் குடுக்கிறேன். இல்லேன்னா நாலு மணிக்குப் பஸ்ஸு. நான் வாரேன்.

— கேட்டியா சொர்ணம், கேட்டியா! மடங்கப்போறோம்னு தெரிஞ்சதும் துண்டை உதறிக் கட்டத்தையே கலைச்ச மனுசரு பேசுற பேச்சா இது?

— எறும்பு கடிச்சுச்சும்மா. எறும்பு கடிச்சா துண்டை உதறாம, அதுக்கு வெத்தலை பாக்கு வைப்பாங்களா?

— நல்ல எறும்பு! மூணு புலியும் மாட்டப்போற நேரம் பாத்துக் கடிச்சிருக்கு.

— பூனைக்கு எதுக்கு ஓய் புலி வேசம்னு கேட்டாரும்மா. எலை முன்னால உக்காந்தவன், கை நனைக்காம எந்திரிச்சுப் போனேன். அந்த வார்த்தை இன்னைக்கும் காதுல நிக்குது.

— ஒங்க காதுல வார்த்தை நிக்குது அண்ணே. என் மக காதுல ஒரு தோடு நிக்கலியே. ஒரு வயசுல குத்த வேண்டியது. இப்ப ஊசியப் பாத்தா ஓடி ஒளியிற வயசாயிருச்சு. குளத்துக்குப் போனா, புள்ளைக்குத் தாய்மாமன் இல்லியான்னு கேக்குறாங்க. கூடப் பொறந்தவரு குத்துக்கல்லாட்டம் இருக்கையில நான் என்ன சொல்லட்டும்?

— எனக்கு மட்டும் ஆசையா தங்கச்சி? அந்த ஆட்டத்தை முடிச்சாத்தான் என் மனசு ஆறும். ஆனா கட்டந்தான் கலைஞ்சு போச்சே.

— புதுசா ஒரு ஆட்டம் போட்டு முடிச்சுக்கங்களேன்.

— புதுசுல செயிச்சா பழசுல செயிச்சதா ஆயிருமா?

— இந்த ஒண்ணுல மட்டும் ஒங்கண்ணன் சொல்றது சரி.

— அப்ப இருங்க, அடுப்புக்கரி எடுத்தாரேன்.

— கரி எதுக்குடி?

— கட்டம் போட. நீங்க அந்த மூட்டைக்குள்ள கை விட்டு ஒரு பிடி கடலை அள்ளுங்க. அன்னைக்கும் கடலைதானே ஆடு. புளியங்கொட்டைதானே புலி. எது எது எங்க நின்னுச்சோ அங்கனயே வச்சுத் தாரேன்.

— அட போ! நீ புள்ள பெத்த ஒடம்பு, உள்ளே தொட்டிலை ஆட்டிக்கிட்டு இருந்தே. ஆடின எங்களுக்கே மறந்துபோச்சு.

— ஒங்களுக்கு மறந்துபோச்சு. தள்ளி உக்காருங்க. மலை உச்சி இது. இங்க ஒரு புலி. இத அண்ணன் கடைசி வரைக்கும் அசைக்கல. உச்சியில ஏறிட்டா எறங்க மனசு வராது அவருக்கு.

— அது... அது நெசந்தான்.

— ரெண்டாவது புலி எடது பக்கத்துக் கோட்டுல. மூணாவது இங்கிட்டு, வலது ஓரத்துல. இதத்தான் இவரு ஆட்டைக் கொண்டாந்து கொண்டாந்து மடக்கிக்கிட்டு இருந்தாரு. ஆடு பதினஞ்சுல நாலு வெட்டுப்பட்டுச்சு. மிச்சம் பதினொண்ணு.

— நாலா? மூணுதான். நான் அவ்வளவு மட்டமா ஆடுறவன் இல்ல.

— நாலுங்க. வெட்டின ஆட்டையெல்லாம் அண்ணன் உரிச்சு உரிச்சு வாயில போட்டுக்கிட்டாரு, அதான் ஒங்களுக்குக் கணக்கு விட்டுப்போச்சு. நாலாவது சொத்தைக் கடலை. தூன்னு முத்தத்துல துப்பினாரு.

— எம்மா! ஆமா! நாக்கெல்லாம் கசந்து கெடந்துச்சு. எனக்கே இப்பத்தான் ஞாபகம் வருது!

— எங்க மண்டிக் கடலையில சொத்தையே வராது.

— இதே வார்த்தை. அன்னைக்கும் இதே வார்த்தையத்தான் சொன்னீங்க மாப்ளே. மொகத்தை இப்பிடித்தான் தூக்கி வச்சுக்கிட்டுச் சொன்னீங்க.

— சொன்னேனா மச்சான்?

— சொன்னீங்க.

— பேசிக்கங்க. நான் ஆட்டை வைக்கிறேன். இது ஒண்ணு, இதுக்குக் கீழ ரெண்டு...

— இரு, இரு. இந்த ஆடு எங்கேருந்து இங்க வந்துச்சு? அதச் சொல்லு பாப்போம்.

— கீழ்க் கோட்டுலேருந்து வந்துச்சு. அத நகத்துறதுக்குள்ள வெத்தலைய மடிக்கிறதும் விரிக்கிறதுமா இருந்தீங்க. விடிஞ்சுரும் மாப்ளேன்னு அண்ணன் சொன்னாரு. அவசரமெல்லாம் ஒங்க தஞ்சாவூர் ஜில்லாவுல வச்சுக்கங்க, எங்க சமஸ்தானத்துல நிதானந்தான்னு நீங்க சொன்னீங்க.

— சமஸ்தானம் அந்த வருசத்தோட போச்சு. மாப்ளைக்கு நிதானம் மட்டும் போகல. ஒரு ஆட்டை நகத்துறதுக்குள்ள எனக்குத் தாடி மொளைச்சுரும்.

— நீங்க மட்டும் என்னவாம்? கை வச்ச புலிய நகத்தணுமா வேணாமா? வைக்கிறது, எடுக்கிறது, மறுபடி வைக்கிறது!

— வச்சாரு, எடுத்தாருங்க. ரெண்டு தரம். இந்த எடத்துல ஒரு தரம், அந்தா அந்த எடத்துல ஒரு தரம்.

— பாத்தீங்களா மச்சான், பாத்தீங்களா!

— நீங்க மட்டும் ஒழுங்காங்க? ஒங்க கூட்டாளி வெள்ளைச்சாமி அண்ணன் பின்னால நின்னு இருமினாரு. ஒரு இருமல்னா இங்கிட்டு. ரெண்டு இருமல்னா அங்கிட்டு.

— ஆகா! அந்த ஆளுக்குச் சளின்னுல்ல நான் நெனச்சேன்! இஞ்சிக் கசாயம் வச்சுக் குடுக்கச் சொன்னேனே!

— குடிச்சான் மச்சான். குடிச்சுட்டு ஒரு வாரம் வயித்துப்போக்கு.

— அப்பிடியா? நல்லா வேணும். ஏ தங்கச்சி, ஒரு நிமிசம் நிறுத்து. உள் அறைக்குள்ள கயித்தைப் பிடிச்சுக்கிட்டு இருந்தவளுக்கு இத்தனையும் எப்பிடிம்மா தெரிஞ்சுச்சு?

— வாசப்படிக்கு நேராத்தானே அண்ணே தொட்டில் கட்டியிருந்தீங்க? தொட்டில் அங்கிட்டுப் போனா கட்டம் தெரியும். இங்கிட்டு வந்தா மறைச்சுரும். தெரியிறப்பப் பாப்பேன். மறைக்கிறப்ப ஒங்க பேச்சைக் கேட்டுக்கிட்டு, என்ன நகத்தியிருப்பீங்கன்னு மனசுல வச்சுப் பாப்பேன். மறுபடி தொட்டில் போனா, நான் நெனச்ச எடத்துலதான் நிக்கும்.

— நாங்க நகத்துறதுக்கு முன்னாலயேவா?

— பெரும்பாலும்.

— மாப்ளே... இவ பிராக்குப் பாத்துக்கிட்டு இருந்தான்னுல்ல நெனச்சோம். மேலெல்லாம் சிலிர்க்குதுய்யா எனக்கு. ஒரே வட்டில்ல சோறு தின்னு வளந்தோம். இவளுக்குள்ள இப்பிடி ஒண்ணு இருக்குன்னு எனக்குத் தெரியாமப் போச்சே.

— நான் தெனம் கூட இருக்கிறவன் மச்சான். எனக்கு மட்டும் தெரிஞ்சுதாக்கும்? கூப்பிட்டு உக்காத்தி ஒரு நாளாவது இவகூட ஆடியிருப்பேனா? கையெடுத்துக் கும்புடணும்போல இருக்கு. சொர்ணம், அதெல்லாம் சரி, மூணு வருசம் எப்பிடி மறக்காம இருந்துச்சு?

— தெனமும் அடுக்கிப் பாக்குறேன்ல. அரிசி களையிறப்ப, வெளக்குத் தொடைக்கிறப்ப, மனசுக்குள்ள ஒவ்வொண்ணா வச்சுக்கிட்டே வருவேன். எங்கண்ணனும் எம்புருசனும் கடைசியா ஒண்ணா உக்காந்து சிரிச்ச எடம் அதுதானே. அத விட்டுட்டா எனக்கு வேற என்ன இருக்கு? அழாதீங்கண்ணே. மோரு தெளிஞ்சு கெடக்கு பாருங்க.

— குடிக்கிறேம்மா. குடு.

— இந்தா, கடைசி ஆடு. இம்புட்டுத்தான். துண்டு வந்து விழுகுறப்ப இப்பிடித்தான் நின்னுச்சு.

— எங்கூருச் சாமி ஆத்மநாதா! இதேதான். அப்பிடியே அன்னைக்கு உக்காந்த மாதிரி இருக்கு.

— மச்சான், இங்க பாருங்க. இந்த ஓட்டையில ஒரே ஒரு ஆட்டை நகத்தினா மூணு புலியும் அசைய வழியில்ல. ஆட்டம் எனக்கு.

— ஒங்க முறையா இருந்தாத்தானே? என் முறைன்னா, இந்தா, இந்தப் புலி இந்த ஆட்டைத் தாண்டி வெட்டிட்டு வெளிய வந்துரும். அப்பறம் ஒங்களால மடக்கவே முடியாது. ஆட்டம் எனக்கு.

— என் முறைதான்.

— என் முறை மாப்ளே. எனக்கு நல்லாத் தெரியும்.

— மறுபடி ஆரம்பிக்காதீங்க! சொர்ணத்தைக் கேப்போம். அவ சொல்றதுதான் தீர்ப்பு. கட்டுப்படுவீங்களா?

— எங்காத்தா மேல சத்தியம். இவ என்னையத் தோத்தவன்னு சொன்னா, ஊரு முன்னால ஒத்துக்குவேன். ஆனா ஒண்ணு, அப்பறம் இந்த ஊருக்குள்ள எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு வருவேன்னு எனக்குத் தெரியாது.

— எனக்கு மட்டும் என்னவாம்? மூணு வருசமாச் செயிச்சேன் செயிச்சேன்னு சொல்லிட்டுத் திரிஞ்சவன், பொய்யின்னு ஆயிட்டா நாளைக்குக் கோயில்ல வந்து ஒங்க பக்கத்துல நிப்பேனா? மண்டியப் பூட்டிக்கிட்டு உள்ளயே கெடப்பேன். இருக்கட்டும். நீ சொல்லு சொர்ணம்.

— நெசமாவே ரெண்டு பேருக்கும் தெரிஞ்சாகணுமா?

— தெரிஞ்சாகணும்.

— அண்ணே, வெளிய ஆரன் அடிக்கிறான். நாலு மணி பஸ்ஸு.

— போனாப் போகுது! துண்டு விழுந்தப்ப யாரு முறைம்மா? தொட்டில் மறைச்சுருச்சா?

— மறைக்கல. அங்கிட்டுப் போயிருந்துச்சு. கட்டம் முழுசாத் தெரிஞ்சுச்சு.

— அப்ப ஒனக்குத் தெரியும்!

— தெரியும்.

— மூணு வருசமாவா தெரியும்? சொல்லவே இல்லியேடி!

— ரெண்டு பேருல ஒருத்தராவது எங்கிட்டக் கேட்டீங்களா?

— இப்பக் கேக்குறோம்ல. மாப்ளையும் மச்சானும் ஒண்ணா உக்காந்து கேக்குறோம். சொல்லு தாயி.

— சொல்றேன் அண்ணே. நாளைக்குப் பெரியவளை மடியில வச்சுக்கங்க. இப்ப என் வயித்துல இருக்கிறதுக்குக் காது குத்துற அன்னைக்குச் சொல்றேன்.